உவர் ஏரியும் வறுநில எழிலும்

இலக்கியத்தில் நிலம் பாடப்படும் முறையை ஒப்பு நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். மலையும் காடும் வயலும் கடலும் தம்பால் உள்ளவற்றால் புகழப்படுகின்றன. வறண்ட நிலமோ தன்பால் இல்லாதவற்றால் அறியப்படுகின்றது. நீரின்மை, நிழலின்மை, இலையின்மை, ஆளின்மை என இன்மைகளை அடுக்கிச் சொல்லுதலே அந்நிலத்தைப் புனையும் பொதுநெறியாக இருந்து வந்துள்ளது. பிற்காலத்தில் வேறொரு போக்கும் தோன்றிற்று. அவ்வின்மைகளையே அழகாகக் கொண்டு, வெறுமையை அதன் வெறுமைக்காகவே போற்றுவது அப்போக்கு. முன்னது நிலத்தை இகழ்கின்றது, பின்னது புகழ்கின்றது. ஆயினும், அங்கு ஒன்றும் இல்லை என்று கொள்வதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அக்கொள்கை பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நூல், மேரி ஆஸ்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெய்ன்' என்பது. 'மழை அருகிய நாடு' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். 14 உரைநடைக் கட்டுரைகளைக் கொண்ட இச்சிறு நூல், கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில் ஓர் உவர் ஏரியை அடுத்துக் கிடக்கும் வறண்ட நிலத்தைப் பற்றியது. நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. ஆதலின் நிலத்தைப் பற்றிய பிறமொழி நூலொன்றைத் தமிழ் மாணவர் ஆராய்வது புறம்பான செயல் ஆகாது.

நிலமும் நூலாசிரியரும்

சியரா நெவாடா மலைத்தொடர் கலிபோர்னியாவின் கிழக்கே நெடுமதிலென நிற்கின்றது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அம்மலையின் மேற்குச் சரிவிலேயே தன் நீரைப் பொழிந்துவிடுகின்றது. கிழக்கே இறங்கும் காற்று வறண்ட காற்று. அதனால் மலையின் மேற்கே அடர்ந்த காடும் கிழக்கே பாலையும் அமைந்துள்ளன. 14,505 அடி உயரமுள்ள விட்னி மலையும், கடல் மட்டத்திற்கு 282 அடி கீழே தாழ்ந்து கிடக்கும் சாவுப் பள்ளத்தாக்கும் நூறு மைல் எல்லைக்குள் அடங்கியுள்ளன. விட்னி மலைக்குக் கிழக்கே, அதன் அடிவாரப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருப்பது ஓவன்ஸ் ஏரி. மலைப்பனி உருகி ஓவன்ஸ் ஆறாக ஓடி இவ்வேரியில் வந்து சேர்ந்தது. ஏரியினின்றும் நீர் வெளியேற வழியில்லை. கதிரவனே அதனைக் குடித்தான். உப்பு மட்டும் ஆண்டுதோறும் தங்கிற்று. உவர் ஏரி உருவாகும் முறை இதுவே.

மேரி ஆஸ்டின் அம்மையார் 1868இல் இல்லினாய் மாநிலத்திற் பிறந்தவர். 1888இல் குடும்பத்தாருடன் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். திருமணத்திற்குப்பின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் ஆசிரியப்பணி புரிந்தும் இல்லறம் நடத்தியும் பல்லாண்டு வாழ்ந்தார். இடையரும், சுரங்கம் தேடுவோரும், பையூட், ஷோஷோனி முதலிய பழங்குடி மக்களும் அவருக்கு ஆசிரியர்களாயினர். நூலின் செய்திகளுட் பல அவர்களிடம் கேட்டறிந்தவை, ஏனையவை கண்டறிந்தவை. ஓரிரு நாள் வந்து கண்டு வியந்து செல்லும் வழிப்போக்கரின் எழுத்தாக இந்நூல் அமையாமைக்கு இதுவே காரணம் என்க.

வெறுமை என்னும் மயக்கம்

நூலின் முதற்கட்டுரையிலேயே அம்மையார் ஒரு கருத்தை நிலைநாட்டிவிடுகிறார். நாட்டுப் படங்களில் இந்நிலம் பாலைவனம் என்று குறிக்கப்பட்டாலும், எத்துணை வறண்ட காற்று வீசினும், எத்துணைக் கொடிய மண்ணாயினும், உயிர் அற்ற இடம் அங்கு எதுவும் இல்லை என்பது அக்கருத்து. இதனை அவர் வாளா கூறிச் செல்லவில்லை. சான்றுகள் வழியே நிறுவுகிறார். அவற்றுள் ஒன்று நம் உள்ளத்தில் நெடுநாள் நிற்கத்தக்கது. நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று, நல்ல மழை பெய்த ஆண்டில் 10 அடி உயரம் வளர்ந்திருக்கக் காணப்பட்டது. அடுத்த ஆண்டில், வறட்சியில், அதே இடத்தில், அதே இனச்செடி 4 அங்குல உயரத்தில் முதிர்ச்சி எய்தியது. சாவுப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தோரின் அறிக்கையிலிருந்து எடுத்துக்காட்டும் செய்தி இது.

இச்செய்தியின் பொருளை நுனித்து நோக்குதல் வேண்டும். நீர் குறைந்தபோது செடி அழிந்துவிடவில்லை. வளர்ச்சி முற்றாமற் குன்றிப் போகவும் இல்லை. கிடைத்த நீருக்கேற்பத் தன் உருவைச் சுருக்கிக்கொண்டு, பூத்துக் காய்த்து விதையிடும் கடமையைச் செம்மையாக முடித்தது. 4 அங்குலச் செடி 10 அடிச் செடியின் குறையுருவம் அன்று; முழுமையான வேறோர் உருவம். பாலையின் அழகு யாது என்னும் வினாவிற்கு இச்செடியே விடையாகின்றது. தேவைக்கு மேல் ஓர் இலையும் இல்லாமை; ஆயினும் தேவையானது எதுவும் குறையாமை. இதனை அளவின் அழகு எனலாம். வளம் மிக்க நிலத்தில் இவ்வளவு புலப்படுவதில்லை. மிகுதியானது அதனை மறைத்துவிடுகின்றது. செடிக்குச் செடி இடம்விட்டு நிற்கும் வறுநிலத்திலோ ஒவ்வொன்றின் வடிவமும் தனித்தனியே கண்ணிற்படுகின்றது. வெறுமை என்று நாம் கருதியது உண்மையில் இடைவெளியே ஆகும். ஓர் உயிர் மற்றோர் உயிரின் நீர்ப்பங்கைக் கவராமல் நிற்பதற்கு வேண்டிய தொலைவு அது.

நீரைப் பற்றிய செய்தியும் இவ்வாறே. பாலையில் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே குடிநீர் உண்டு. மெஸ்கீட் மரமும் ஒருவகைப் புல்லும் அதற்கு அடையாளம். (நம் நாட்டிற் சீமைக்கருவேல் என வழங்கும் மரத்தின் நெருங்கிய உறவு மெஸ்கீட்.) சாவுப் பள்ளத்தாக்கிற்கு அப்பெயர் வரக் காரணமாயிருந்த குழுவினர் இறுதியாகத் தளர்ந்து வீழ்ந்த இடத்திலும், ஆழமில்லாக் கிணறு தோண்டியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம் என்று வழங்கும் செய்தியை அம்மையார் குறிப்பிடுகிறார். அவர்கள் அதனை அறிவது எங்ஙனம் என்னும் இரக்கமும் அங்கு உண்டு. நீர் இல்லாமை ஒருபுறமிருக்க, நிலத்தின் மொழியை அறியாமையே அவர்தம் அழிவிற்குக் காரணமாயிற்று என்பது இதனாற் பெறப்படும். மற்றொரு கட்டுரையில், நீர்நிலை இருக்கும் திசையைக் காட்டப் பழங்குடியினர் வட்டமாகக் கல் அடுக்கி வைத்திருந்ததை விரித்துரைக்கிறார். அந்நிலம் ஏற்கெனவே படிக்கப்பட்டது, எழுதவும் பட்டது என்பதற்கு அக்கற்கள் சான்று.

கண்ணின் உயரம்

நூலின் நடைச்சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சிற்றுயிர்கள் நீருண்ணச் செல்லும் தடங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று உளது. நிற்கும் மனிதனுக்கு அத்தடங்கள் மங்கலான கோடுகளாகவே தோன்றும். சில இடங்களில் தோன்றவும் மாட்டா. அம்மையாரோ எலியும் அணிலும் நோக்கும் உயரத்திற்குத் தாழ்ந்து பார்க்கிறார். அவ்வளவில் அக்கோடுகள் அகன்று வளைந்த பெருவழிகள் ஆகின்றன. இருபுறமும் உள்ள புற்கள் ஆளுயரத்தினும் மும்மடங்கு ஓங்கிய மரங்களைப் போன்றவை ஆகின்றன. இவ்வுத்தி வியப்பு ஊட்டுவதற்காகக் கையாளப்பட்டது அன்று. வெறுமை என்னும் முடிவு, காண்பவனின் கண் எவ்வுயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்னும் உண்மையை அது காட்டுகின்றது. குதிரையின்மேல் ஏறிச் செல்வோனுக்கு ஒன்றும் இல்லாத இடம், நிலத்தின் அருகே குனிபவனுக்கு நெடுஞ்சாலைகள் நிறைந்த நாடு.

ஆயினும் இந்நிலத்தில் உள்ளவை அனைத்தையும் அழகென்று அவர் போற்றுவதில்லை. அடைபட்ட சிறு பள்ளத்தாக்குகளில் தேங்கும் நீரைப் பற்றி அவர் எழுதுவதைக் காண்க. மழைநீர் தேங்கி வற்றியபின் கெட்டித்த வெறுந்தரை எஞ்சுகிறது. மழை சற்று மிகுந்த இடங்களில் குட்டை முற்றும் வற்றாமல், கருத்துக் கைத்து, விளிம்பெங்கும் உப்புப் பூத்துக் கிடக்கிறது. அதன் அருகே செடிகள் வளரும் சதுப்பின்மேலும் உப்பு மெல்லிய தோலாகப் படிந்துள்ளது. அவ்விடத்தில் அழகும் இல்லை, பசுமைப் பொலிவும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறிவிடுகிறார். தாம் நேசிக்கும் நிலத்திலும் அழகற்றதை அழகற்றது எனச் சொல்லும் இந்நேர்மையே, அழகென்று அவர் சொல்லும் பிறவற்றை நாம் நம்பத் துணைசெய்கின்றது.

தமிழ்ப் பாலையோடு ஒப்பீடு

இனி, திணைக்கோட்பாட்டின் வழியே இந்நூலை நோக்குவோம். தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று கூறி, செய்யுளுள் அவை ஒன்றினொன்று சிறந்து செல்லும் என்றார். அம்முறையில் உரிப்பொருளே தலைமையுடையது. நிலமும் பொழுதும், புள்ளும் விலங்கும் மாந்தர்தம் ஒழுக்கத்தை விளக்க நிற்பவை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. எனவே தமிழ்ப் புலவர் கண்ட வறுநிலம் பிரிவின் களமாகவே விளங்கிற்று. உப்பு வண்டி ஓட்டிச் செல்லும் உமணரும் ஆறலை கள்வரும் பருந்தும் செந்நாயும் அங்கு வருவது, பிரிந்து செல்லும் தலைவனின் வழியின் கொடுமையையும் பிரிவுற்ற தலைவியின் அச்சத்தையும் உணர்த்தவே.

ஆஸ்டின் அம்மையாரின் நூலில் இம்முறை தலைகீழாகின்றது. அங்கு முதற்பொருளே தலைமை பெறுகின்றது. மாந்தரும் அந்நிலத்தின் கருப்பொருள்களுள் ஒருவராக வந்து போகின்றனர். இவ்வேறுபாட்டை இரண்டு காட்சிகளால் உணரலாம். கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, நிழல் இன்றி வருந்தும் பெண்மானுக்கு ஆண்மான் தன் உடலின் நிழலை அளித்துக் காப்பதையும், ஆண்புறா தன் மெல்லிய சிறகால் பெடைக்கு விசிறுவதையும் பாடியுள்ளார். மழை அருகிய நாட்டிலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. மெல்லிய களையொன்றன் அடியில் கூடு கட்டிய மெடோலார்க் என்னும் புல்வெளிப் பறவை இணை, நண்பகலில் அலகு பிளந்து சோர்ந்தவாறே சிறகை விரித்து நின்று, தம் முட்டைகளுக்கும் வெயிலுக்கும் இடையே தாமே நிழலாகின்றன.

காட்சி ஒன்றே, பயன் வேறு. பெருங்கடுங்கோவின் பாட்டில் மானும் புறாவும் தலைவியின் ஆறுதலுக்குச் சான்றாகின்றன. இவ்வன்பினைத் தலைவன் வழியிற் காண்பான், ஆதலின் மீண்டு வருவான் என்னும் நம்பிக்கைக்கு அவை துணை. ஆஸ்டின் அம்மையாரோ பறவைகளின் செயலினின்றும் மாந்தர்க்கு எப்பாடத்தையும் எடுக்கவில்லை. கண்டு பொறாமல், நிலையான நிழலுக்காக ஒரு துண்டுக் கித்தானை அங்கே கட்டிவிடுகிறார். தமிழ்ப் புலவர் பறவையின் அன்பை மாந்தர்க்கு ஈந்தார். இவர் மாந்தரின் இரக்கத்தைப் பறவைக்கு ஈந்தார். ஒன்றினும் மற்றொன்று உயர்ந்தது என்று கூறுதற்கில்லை. உரிப்பொருளின் அழுத்தம் நம் பாட்டின் சிறப்பு. முதற்பொருளுக்கு அளித்த உரிமை இவர் உரைநடையின் சிறப்பு.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நால்வகை நிலத்துள் பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் வடிவே பாலை எனச் சிலப்பதிகாரம் உணர்த்தும். எனவே தமிழர் கண்ட பாலை ஒரு நிலை. மழை வந்தால் நீங்கும் நிலை. ஆஸ்டின் கண்ட பாலையோ என்றும் உள்ள நிலம். தனக்கே உரிய மூன்று பருவங்களைக் கொண்டது. ஜூன் முதல் நவம்பர் வரை வெம்மையும், பின் ஏப்ரல் வரை குளிரும், அதன்பின் மீண்டும் வெயில் முதிரும் வரை மலர்ச்சியும் அங்கு நிகழ்கின்றன. இயல்பு திரிந்த நிலமாக அதனைக் கருத இயலாது. அதன் இயல்பே அதுதான். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஏரியின் வரலாற்றுக்கு வருவோம்.

கைப்பு ஏரி

பையூட் இனத்தைச் சேர்ந்த செயாவி என்னும் கூடை முடையும் பெண்ணைப் பற்றிய கட்டுரை இந்நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அதில் அவ்வினத்தார் தம் இறுதிப் போரை ஏரிக்கரையில் நிகழ்த்தி, துரத்தப்பட்டு, அந்நீரிலேயே மடிந்தனர் என்னும் செய்தி வருகின்றது. அவ்வேரியைக் கைப்பு ஏரி என்று அம்மையார் குறிக்கிறார். 1865ஆம் ஆண்டில் ஓவன்ஸ் ஏரிக்கரையில் பையூட் மக்கள் கொல்லப்பட்டமை வரலாறு. கணவனை இழந்த செயாவி, தன் சிறு மகனுடன் குகையில் ஒளிந்து, கோரைக்கிழங்கும் நன்னீர்ச் சிப்பியும் உண்டு உயிர் தரித்தாள். பின்னர் ஆற்றோரத்து நாணல் போன்ற வில்லோக் கொம்புகளை வெட்டிக் கூடை முடைந்து பிழைத்தாள்.

அம்மையார் ஒரு பேரழிவை ஒரே தொடரிற் கூறிவிட்டுக் கூடைக்குச் சென்றுவிடுகிறாரே, இது சுருக்கத்தின் சிறப்பா, நழுவலா என்னும் ஐயம் எழலாம். இரண்டும் உண்டு என்பதே எம் கருத்து. தண்டுக்கீரைச் செடியைப் போலவே செயாவியும் குறைந்ததைக் கொண்டு முழுமை எய்தியவள். அவள் கூடையின் செம்மையை விரித்துரைப்பதன் வாயிலாக, அழிவிற்குப்பின் எஞ்சியதன் பெருமையை ஆசிரியர் காட்டுகிறார். இது சிறப்பு. ஆனால் செடிக்கு வறட்சி இயற்கையால் வந்தது. செயாவிக்கு இழப்பு மாந்தரால் வந்தது. அவ்விரண்டையும் ஒரே அமைதியான குரலிற் கூறும்போது, கொடுமையும் நிலத்தின் இயல்புகளுள் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றது. ஓரினப் பெண்டிர் அனைவரையும் ஒரே தன்மையராகப் பொதுமைப்படுத்திக் கூறும் இடங்களும் இக்கட்டுரையில் உள்ளன. இவை குறைகளே.

உவர்நீரைப் பற்றிய மற்றொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். உவர் ஏரியின் கரையில் உவர் ஈக்கள் பெருந்திரளாக வாழும். அவற்றின் கூட்டுப்புழுவைப் பையூட் மக்கள் உணவாகச் சேர்த்தனர். வலசை செல்லும் நீர்ப்பறவைகட்கும் அவையே உணவு. மண்ணின்மேல் எலியின் கண்ணளவுக்குத் தாழ்ந்து நோக்கிய ஆசிரியர், உவர்நீரின் விளிம்பில் அவ்வாறு தாழ்ந்து நோக்கவில்லை. அதன் கைப்பைச் சுவைத்ததோடு நின்றுவிட்டார்.

இயல்பு திரிந்த நிலம்

மேற்குநாட்டின் பெரிய ஓடைகளுக்கு எல்லாம் பாசனக் கால்வாய் ஆவதே உரிய முடிவு என்னும் கருத்துடன் இந்நூலின் கட்டுரையொன்று தொடங்குகின்றது. 1903இல் அவ்வாறு எழுதியவர், இரண்டாண்டு கழித்து அம்முடிவின் வேறொரு வடிவத்தைக் கண்டார். தெற்கே வளர்ந்துவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓவன்ஸ் ஆற்று நீரை நாடிற்று. 1905இல் அத்திட்டம் வெளிப்பட்டபோது அம்மையாரும் கணவரும் அதனை எதிர்த்தனர். எதிர்ப்பு வெற்றி பெறவில்லை. 1917இல் வெளியிட்ட 'தி ஃபோர்டு' என்னும் நாவலில் அந்நீர்ப்பூசலின் நிழலை அவர் பதித்துள்ளார். 1913இல் 233 மைல் நீளமுள்ள கால்வாய் திறக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட சதுர மைல் பரந்திருந்த ஏரி 1920களிலேயே பெரும்பாலும் வற்றிற்று. வற்றிய படுகையின் உப்பும் நுண்மண்ணும் காற்றில் எழுந்தன. அமெரிக்க நாட்டிலேயே நுண்தூசி மிகுதியாக எழும் தனியிடம் என்று பின்னாளில் அது பெயர் பெற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், படுகையின் பகுதிகளில் ஆழமின்றி நீர் பரப்பியும் சரளை கொட்டியும் செடி வளர்த்தும் தூசியை அடக்கி வருகின்றனர். நீர் பரப்பிய இடங்கட்குப் பறவைகள் மீண்டும் வந்தன.

இங்குத்தான் தமிழ்த் திணைநெறி நமக்கு ஒரு சொல்லைத் தந்து உதவுகின்றது. இயல்பிலேயே வறண்ட நிலம் வேறு. இயல்பு திரிந்து வறண்ட நிலம் வேறு. ஆஸ்டின் போற்றிய நிலம் முதல் வகையது. அங்கு ஒவ்வொரு செடியும் தன் அளவறிந்து வாழ்ந்தது. வற்றிய ஏரிப்படுகை இரண்டாம் வகையது. தமிழர் கூறிய இயல்பு திரிதல் அங்கு நிகழ்ந்தது. திரித்தது கதிரவன் அன்று, மாந்தர் கை. நம் பாலை மழையால் மீளும். அப்படுகையோ ஆற்றை இழந்ததால் மழையை நம்பி மீள இயலாதது. உண்மையான வெறுமையைக் காண விரும்புவோர் அதனை அப்படுகையிற் காணலாம். அங்கு அளவு இல்லை, இடைவெளி இல்லை, தூசியே உண்டு.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறலாம். வறுநிலத்தின் எழில் வெறுமையின் எழில் அன்று; அளவின் எழில். அதனை வெறுமை என இகழ்தலும் வெறுமை எனப் புகழ்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். இது சுவை பற்றிய பிழை மட்டும் ஆகாது. ஒன்றும் இல்லை என்று கருதப்படும் இடத்திலிருந்து எதனை எடுத்தாலும் இழப்பில்லை என்னும் எண்ணம் அப்பிழையைத் தொடர்ந்து வருகின்றது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கைப் பையூட் மக்கள் நீர் ஓடும் இடம் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். நாட்டுப் படம் தந்த பெயரையும் அம்மக்கள் தந்த பெயரையும் அருகருகே வைத்து நோக்கினால், எப்பெயர் அந்நிலத்தைப் படித்துத் தந்த பெயர் என்பது விளங்கும். நிலத்தைப் புனையும் இலக்கியத்தை மதிப்பிடுங்கால், சொல்லின் அழகோடு, அது நிலத்தை எவ்வளவு படித்துள்ளது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வளவுகோலால் அளக்கும்போது, மேலே காட்டிய குறைகள் இருந்தும், மழை அருகிய நாடு தன் இடத்தை இழக்கவில்லை.